பதினோரு ஆட்டம்

வெள்ளிக்கிழமை என்றால் தாஜ் நிஷா வாடா சுடுவாள். அமெரிக்காவில் டெக்சாஸின் ஃபிரிஸ்கோவுக்கு வந்த பிறகு பிடித்துக்கொண்ட பழக்கம் இது. காயல்பட்டினத்தில் இருந்தவரைக்கும் அவள் அடுப்படியில் நின்று ஒரு வாடா சுட்டவள் இல்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு தெருவில் யாராவது சுடுவார்கள், ஆளை அனுப்பினால் சூடாகப் பொட்டலம் வந்துவிடும். இங்கே யாரை அனுப்ப? பக்கத்து வீட்டுக்காரன் பெயர்கூடத் தெரியாது. அவன் புல் வெட்டும் மிஷினின் சத்தம் மட்டும்தான் தெரியும். அதனால் அவளே அரிசி மாவை வறுத்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் இறாலை வைத்துத் தட்டி எண்ணெயில் போடக் கற்றுக்கொண்டாள். ஆரம்பத்தில் எல்லாம் எண்ணெயிலேயே பிரிந்து கூழானது. ஒரு நாள் பிரியாமல் வந்தது. அன்றைக்குத்தான் அவள் புருஷன் பக்கீர் முகம்மது, மகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் கோச்சை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"தாஜு, இவுஹதான் கோச் ஓஸ்வால்டோ. சிலி நாட்டுக்காரஹ. தனியாத்தான் ஈக்கிறாஹ. சாப்பிட்டுப் போகட்டும்னு கூட்டியாந்தேன்."

முன்கூட்டி ஒரு போன் பண்ணினால் என்ன, வாயில் கொழுக்கட்டையா என்று அவளுக்கு வந்தது. விருந்தாளி முன்னால் சொல்ல முடியாது. தட்டில் வாடாவை வைத்தாள். பக்கீர் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு, "அடடா, ஊர் வாடா தோத்துது போ" என்றான். கோச்சு ஒன்றை முழுசாகத் தின்றுவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு, "சென்யோரா, ரொம்ப நல்லா இருக்கு. ஆனா உப்பு இல்லை" என்றார்.

அவளும் எடுத்துக் கடித்துப் பார்த்தாள். சத்தியமாக உப்பு இல்லை. பக்கீரைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

அந்தக் கணத்தில் தாஜ் நிஷாவுக்குக் கோச்சைப் பிடித்துப்போயிற்று. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் எதை வைத்தாலும் அடடா என்கிறான், எது நன்றாக இருந்தது எது இல்லை என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. இதோ ஒருத்தர், முதல் நாளே உள்ளதைச் சொல்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை அவளே மகளிடம் சொல்லி அனுப்பினாள்: "கோச்சை வரச் சொல்லு. உப்பு போட்டு ஈக்குதுன்னு சொல்லு."

கோச்சின் இங்கிலீஷும் தாஜ் நிஷாவின் இங்கிலீஷும் ஏறக்குறைய ஒரே உயரம். அதனால் அவர்கள் இரண்டு பேரும் பேசினால் சண்டை சச்சரவு இல்லாமல் புரிந்துவிடும். அவர் ஊர் சிலியின் வடக்கே, ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பாலைவனம். மழை என்பதே கிடையாது. அவருடைய வாப்பா துறைமுகத்தில் சுமை தூக்கியவர். கோச்சு இடது பக்கத்துத் தடுப்பு ஆட்டக்காரர். வடக்கே இரண்டாம் டிவிஷன் கிளப்புகளில் ஒன்று மாற்றி ஒன்றாக ஆடி, பஸ்ஸிலேயே தூங்கி, ஒரு கிளப் திவாலானால் அடுத்த கிளப்புக்குப் போய், கடைசியில் முழங்கால் போய், ஆட்டத்தை விட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தவர். பெஞ்சாதி விட்டுப் போய்விட்டாள். அமெரிக்காவுக்கு வந்தது ஒரு சின்னக் கிளப்பின் வேலை விசாவில். இவ்வளவுதான் அவருடைய கேரியர். இதை அவர் அரை மணி நேரத்தில் சொல்லி முடித்துவிடுவார்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பலமுறை சொல்வார். அதைச் சொல்லும்போது வாடாவைத் தட்டில் வைத்துவிடுவார்.

அவரை ஒரு தடவை தேசிய அணிக்குக் கூப்பிட்டார்கள். ஒரு நட்பு ஆட்டம். இடது பக்கத்துக்காரனுக்கு அடிபட்டதால் இவரைக் கூப்பிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டாம் பாதியில் தயாராகு என்றார்கள். கோட்டோரமாக ஓடினார், குதித்தார், மேல்சட்டையைக் கழற்றினார். உள்ளே போக வேண்டிய இவருடைய நம்பரைப் பலகையில் தூக்கியாயிற்று. பந்து வெளியே போனால்தான் ஆளை மாற்ற முடியும். பந்து வெளியே போகவில்லை. அவர் கோட்டில் நின்றுகொண்டே இருந்தார். விசில் ஊதிவிட்டார்கள். அவ்வளவுதான், மறுபடி யாரும் கூப்பிடவில்லை.

"என் அப்பா ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தார். ரேடியோக்காரன் என் பெயரைச் சொல்லி, இதோ இறங்குகிறான் என்றான். அப்பா அதோடு தெருவுக்கு ஓடிவிட்டார், என் மகன் சிலிக்கு ஆடினான் என்று. நான் ஊருக்குப் போனேன், எல்லாரும் கட்டிப்பிடித்தார்கள். நான் வீடு வீடாகச் சொன்னேன், ஆடவில்லை, ஒரு நிமிஷம்கூட ஆடவில்லை என்று. அப்பாவுக்குக் கோபம். சாகும்வரை ஆடினான் என்றுதான் சொன்னார். நான் அவர் பக்கத்திலேயே நின்று, இல்லை, உட்கார்ந்தேன் என்பேன்."

"ஆடினேன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே கோச்?" என்று பக்கீர் சிரிப்பான். "வாப்பாவுக்குச் சந்தோஷமா இருந்திருக்கும்ல."

"ஆடவில்லையே" என்பார் கோச்சு. ஏதோ சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொல்வார்.

பக்கீருக்கு அவர்மேல் ஏன் அவ்வளவு பிரியம் என்பது தாஜ் நிஷாவுக்குத் தெரியும். அவனும் ஊரில் பந்து ஆடியவன், அதாவது ஆட வேண்டியவன். கடற்கரை மைதானத்தில் கோடை டோர்னமெண்ட் நடந்தால் இவன் பூட்ஸைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பான், எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுப்பான். அதைவிடப் பெரிய காரணம் விசா. வேலை போனால் விசா போயிற்று, அறுபது நாளில் இன்னொரு வேலை இல்லையென்றால் மூட்டையைக் கட்டு. இந்தப் பயம் என்ன என்று விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஆள் கோச்சு.

கோச்சு வேலை பார்ப்பதைத் தாஜ் நிஷா தினமும் பார்ப்பாள். தான் வேலை பார்க்கும் டேகேரில் பகலெல்லாம் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட்டு, சாயங்காலம் மகள் நிதாவை மைதானத்தில் இறக்கி, மடக்கு நாற்காலியைப் போட்டு உட்காருவாள். பிள்ளைகள் வருவதற்கு முந்தியே அவர் வந்திருப்பார். இரும்புக் கோல்போஸ்டுகளைத் தனி ஆளாக இழுப்பார், பந்துகளுக்குக் காற்றடிப்பார். அந்தச் செயற்கைப் புல் வெயிலில் கொதித்து, ரப்பர் வாடை மண்டையைப் பிளக்கும். ஒரு கூட்டம் போனால் அடுத்த கூட்டம், அது போனால் அடுத்தது. முழங்காலில் ஒரு உறையை மாட்டிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து ஓடுவார். நிதா கோல்கீப்பர். இந்தக் குள்ள உயரம் ஒன்றுக்கும் உதவாது என்று மற்ற கிளப்புகளில் திருப்பி அனுப்பிய பிள்ளை. கோச்சுதான் அவளைப் பார்த்து, "கையை மற. கால் முதலில் போகட்டும். கால் போனால் கை தானாகப் போகும்" என்றார். இரண்டு வருஷம் அதையே சொன்னார். இப்போது ப்ளேனோ, மெக்கின்னி என்று எங்கே போனாலும் அந்தப் பிள்ளையைத் தாண்டிப் பந்தைப் போடுவது லேசில்லை. காலேஜ்காரர்கள் வந்து பார்க்கிறார்கள். வீட்டில் உம்மா வாப்பா எதைச் சொன்னாலும் "வாட்எவர்" என்கிற பிள்ளை, கோச்சு சொன்னால் மட்டும் "யெஸ் கோச்" என்று நிற்கும். தாஜ் நிஷாவுக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டிதான். பிப்ரவரியில் கோச்சின் கிளப் இன்னொரு கிளப்போடு சேரப்போகிறது என்று பேச்சு வந்தது. சேர்ந்தால் பாதி கோச்சுகளுக்கு வேலை இருக்காது. கோச்சு வெள்ளிக்கிழமை வந்து வாடாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். வயசு ஐம்பத்திரண்டு. ஊரில் வீடில்லை, வாசலில்லை, கூப்பிட ஆளும் இல்லை. அந்த முழங்காலோடு திரும்பிப் போனால் வேறு என்ன வேலை தெரியும்? ப்ராஸ்பர் பக்கம் ஒரு பெரிய அகாடமி ஆள் எடுக்கிறது, எடுத்தால் அவர்களே விசாவும் மாற்றிக் கொடுப்பார்கள், கிடைத்தால் பிழைத்தேன் என்றார்.

"ரெஸ்யூமே ஈக்குதா?" என்று பக்கீர் கேட்டான்.

கோச்சு போனைக் காட்டினார். ஒரே பக்கம். கிளப்புகளின் பெயர், வருஷம். கடைசி வரியில் பொடி எழுத்தில்: தேசிய அணிக்கு ஒருமுறை அழைப்பு, ஆடவில்லை.

பக்கீர் தலையில் கை வைத்துக்கொண்டான். "கோச், யாராச்சும் ரெஸ்யூமேல ஆடவில்லைன்னு எழுதுவாங்களா? இத எங்கிட்ட வுடுங்க. நான் பாத்துக்கிறேன்."

இந்த இடத்தில் பக்கீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆள் கெட்டவன் இல்லை. ஐந்து நேரம் தொழுகிறவன், அடுத்தவன் காசைத் தொடாதவன். ஆனால் அவன் அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்த கதை வேறு. நியூ ஜெர்சியில் ஒரு கன்சல்டன்ஸிக்காரன் வீட்டில் எட்டுப் பேரோடு பாயில் படுத்துக் கிடந்தபோது, அந்த ஆள் இவன் ரெஸ்யூமேயில் மூன்று வருஷ அனுபவத்தைச் சேர்த்துவிட்டான். புனேயில் ஏதோ இன்ஷூரன்ஸ் கம்பெனியாம். பக்கீர் புனேயை ரயில் ஜன்னலில்கூடப் பார்த்ததில்லை. ஊரில் புதுப்பெண்டாட்டியாக இருந்த தாஜ் நிஷாதான் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு போனில், "உங்க டீம்ல எத்தன பேரு? மேனேஜர் பேரு என்னா?" என்று கேட்டுக் கேட்டு அவனை ஒப்பிக்க வைத்தாள். வேலை கிடைத்தது. அந்த வேலையை நன்றாகவே பார்த்தான். அவனுக்குத் தெரிந்த அத்தனை பேரும் அப்படித்தான் வந்தார்கள். ரெஸ்யூமே என்றால் கொஞ்சம் தூக்கித்தான் போடவேண்டும், எல்லாரும் போடுகிறார்கள், எதிராளியும் தூக்கிப் போட்டிருப்பான் என்று தெரிந்துதான் படிக்கிறான். அதற்குப் பொய் என்று பெயரே அவர்கள் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தாஜ் நிஷா அடுப்பில் களறிக் கறிக்கு மசாலா வதக்கிக்கொண்டிருந்தாள். பக்கீர் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்திருந்தான். கோச்சின் ஒரு பக்கம் இரண்டு பக்கமாகியிருந்தது.

"தாஜு, நேஷனல் டீம்னு போட்டா எத்தன ஆட்டம்னு போடணும். ஒன்னு ரெண்டுன்னு போட்டா சல்லியா ஈக்குது. எத்தன போடட்டும்?"

மசாலா அடிப்பிடித்துவிடுமோ என்ற கவலையில் அவள் திரும்பாமலே சொன்னாள். "எனக்கு என்னா தெரியும்? டீம்ல பதினோரு பேருதானே. பதினொன்னுன்னு போடுங்க."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பதினொன்று என்று போட்டான்.

"கோச்சுக்கிட்டே சொல்லிருங்கோ. கேட்டா முழிக்கப் போறாஹ."

"இண்டர்வியூக்கு முந்தி உட்கார வச்சுப் ப்ரிப்பேர் பண்ணிருவேன். எந்த நாட்டோட, எந்த ஊர்லன்னு எல்லாம் எழுதிக் குடுத்துருவேன். நாம பண்ணாததா?"

சாயங்காலம் கோச்சு வந்தார். பக்கீர் போனில் அனுப்பியதைத் திறந்து, முதல் பக்கத்தில் கிளப்புகளின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். "மீதியும் படிச்சுப் பாருங்க கோச்" என்றான் பக்கீர், ஒப்புக்குத்தான். அவர் கட்டைவிரலால் இரண்டாம் பக்கத்தைத் தள்ளிவிட்டு, கையெழுத்துப் போடும் இடத்தில் விரலால் கிறுக்கினார். "நீ எழுதினால் சரி, தம்பி." தம்பி என்ற சொல்லைப் பக்கீர்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

அகாடமிக்காரர்கள் உடனே கூப்பிட்டார்கள். பதினோரு ஆட்டம் ஆடியவனை யார் கூப்பிடமாட்டான்? அடுத்த வியாழன் இண்டர்வியூ என்றார்கள். புதன் சாயங்காலம் கோச்சை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதாகத் திட்டம். திங்கட்கிழமை ஆலங்கட்டி மழை வந்தது. எலுமிச்சை அளவுக்குக் கல். கார்க் கண்ணாடிகள் போயின, மைதானங்களை மூடினார்கள், ஆபீஸில் பக்கீரின் சர்வர் படுத்துக்கொண்டது, அவன் நிமிரவில்லை. வேலை ஓடாத நாள்தானே என்று அகாடமிக்காரர்கள் கோச்சை செவ்வாய்க்கிழமையே வரச் சொல்லிவிட்டார்கள். கோச்சு சந்தோஷமாகக் கிளம்பிப் போய்விட்டார். பக்கீருக்குச் சொல்லவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? அவருடைய வாழ்க்கையைப் பற்றித்தானே கேட்கப்போகிறார்கள்.

நடந்ததை, மூடிய மைதானத்தைத் திறந்த அன்றைக்குத் தாஜ் நிஷா அங்கே வைத்துத்தான் கேட்டாள், அதுவும் ஜம்புநாதன் வாயால். ஜம்புநாதன் மகள் அஞ்சனாவும் அதே டீம். மனிதருக்கு ஊர் விஷயம் எல்லாம் எப்படியோ வந்துவிடும். நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேடம், கோச் மேட்டர் தெரியுமா? அந்த அகாடமிக்கு அப்ளை பண்ணியிருக்கான். நேஷனல் டீமுக்குப் பதினோரு மேட்ச் ஆடினேன்னு ரெஸ்யூமேல போட்டிருக்கான். அங்க பேனல்ல ஒருத்தர் உருகுவேக்காரர். ஆசையா ஸ்பானிஷ்ல கேட்டிருக்கார், எந்த மேட்ச் சார், நாங்க உங்ககூட ஆடியிருக்கமான்னு. இவன் சிரிச்சிண்டே, இல்லையே நான் ஆடினதே இல்லைங்கறான்! பேப்பரைத் திருப்பிக் காட்டியிருக்கா. மூஞ்சி வெளுத்துப் போச்சாம்."

தாஜ் நிஷா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்புறம் என்னா சொன்னாஹளாம்?"

"என்ன சொல்வான்? யார் எழுதினாங்கன்னு கேட்டிருக்கா. என் கையெழுத்து இருக்கே, நான்தான்னு சொல்லிட்டானாம். இந்தக் காலத்துல ஒரு க்ளிக் பண்ணா எந்த நாட்டுக்கு எவன் எத்தனை மேட்ச் ஆடினான்னு வந்துடும். என்ன தைரியம் பாருங்கோ! இந்த ஏரியா கோச்சுங்களுக்கு எல்லாம் ஒரே வாட்ஸப் குரூப்பாம், பூரா பரவிடுத்து. இந்தக் கிளப்லயும் இந்த மாசத்தோட வேண்டாம்னு சொல்லிட்டா. நம்ம கொழந்தைகளை இப்படி ஒரு ஃப்ராடுகிட்ட விட்டிருந்தோமே!"

அப்படி இல்லை, அவர் ஒரு பாவமும் அறியார், அந்தப் பதினொன்று என் வாயிலிருந்து வந்தது என்று சொல்ல அவளுக்கு நாக்குத் துடித்தது. மைதானத்தின் அந்தக் கோடியில் கோச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு கோல்போஸ்டை இழுத்துக்கொண்டிருந்தார். வழக்கமாக உதவிக்கு ஓடும் அப்பாமார்கள் அன்றைக்கு யாரும் எழுந்திருக்கவில்லை.

"அப்படியா" என்றாள் தாஜ் நிஷா.

அந்த ஒரு சொல்லுக்காக அவள் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

வீட்டில் பக்கீர் சோபாவில் இடிந்துபோய்க் கிடந்தான். அவனுக்கும் சேதி வந்திருந்தது. "நான் கொன்னுட்டேன் தாஜு. அந்த மனுஷனை நான் கொன்னுட்டேன். ஆபீஸ்லன்னா புனேக்கு எவன் போன் பண்ணப் போறான்னு விட்டுருவான். பந்தாட்டத்துல ஒவ்வொரு நிமிஷத்தையும் எவனாச்சும் எழுதி வச்சிருப்பான்னு எனக்குத் தோணலையே. நானே பந்து ஆடினவன். எனக்கே தோணலையே!"

"அவுஹ போன் எடுத்தாஹளா?"

"எடுத்தாஹ. மன்னிச்சிருங்க கோச்ன்னு அழுதேன். நீ எனக்கு நல்லதுதான் நினைச்சே, படிக்காதது என் தப்புன்னு சொல்லுறாஹ. திட்டியிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்." எழுந்து உட்கார்ந்தான். லேப்டாப்பை மடியில் வைத்தான். "அந்த அகாடமிக்கும் கிளப்புக்கும் மெயில் போடப்போறேன். எழுதினது நான்தான், அவுஹளுக்குத் தெரியாதுன்னு. என் பேரு, நம்பர் எல்லாம் போட்டு."

அவன் எழுதினான். தாஜ் நிஷா பின்னால் நின்று படித்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தான், உள்ளதை உள்ளபடி. அனுப்பும் பட்டனுக்கு அவன் விரல் போகும்போது அவள் அந்தக் கையைப் பிடித்தாள்.

"என்னாங்க. கொஞ்சம் பொறுங்க."

"என்ன?"

"விசாவுக்கு ஆன காகிதத்துல பொய்யா எழுதினேன்னு நீங்களே பேரு போட்டு எழுதிக் குடுக்கப் போறியளா? நம்ம க்ரீன் கார்டு கடைசி கட்டத்துல ஈக்குது. விசா ஆபீஸ்காரன் உங்க பேரைத் தட்டிப் பாத்தா? உங்க ரெஸ்யூமேய எடுத்துப் பாத்தா? புனே..." அவளால் அதற்குமேல் சொல்ல முடியவில்லை. "நிதா இங்க பொறந்தவ இல்ல. அவளுக்கு இருபத்தொன்னு ஆவுறதுக்குள்ள கார்டு வரலன்னா அவ தனியாப் போவணும். அத யோசிச்சியளா?"

"அப்ப அந்த மனுஷன்?"

இந்த வீடு, கார், மைதானம், மகளின் காலேஜ் ஆசை, எல்லாம் போகாத ஒரு ஊரில் பார்க்காத மூன்று வருஷ வேலையின்மேல் நிற்கிறது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஒன்றை உருவினால் மொத்தமும் சரியும். வெட்கமாக இருந்தது. வெட்கமாக இருந்தும் அவள் கையை எடுக்கவில்லை.

பக்கீர் லேப்டாப்பை மூடினான். அந்த மெயில் போகவில்லை.

மாடிப்படியில் நிதா நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாளோ. தமிழில் பேசமாட்டாளே தவிர, ஒரு சொல் விடாமல் புரியும்.

"சோ, இட் வாஸ் யூ கைஸ்" என்றாள்.

"நிதா, வாப்பா நல்லதுக்குத்தான்..."

"செண்ட் இட்."

"மவளே, ஒனக்காகத்தாண்டி..."

"டோண்ட் புட் இட் ஆன் மீ!" என்று கத்திவிட்டு மேலே போனவள், மறுநாள் மைதானத்துக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. கையுறை, பூட்ஸ் எல்லாம் காரின் டிக்கியிலேயே கிடந்து வெயிலில் வெந்தன. தாஜ் நிஷா சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், தின்பாள், போவாள். அந்தப் பிள்ளை சண்டை போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

கோச்சுக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. டென்டன் என்றார், வேகோ என்றார், எங்கே போனாலும் அந்தச் சேதி அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. அந்த அறுபது நாள் கெடுவும் முடிகிற நேரம் வந்தது. டிக்கெட் போட்டுவிட்டேன் என்று பக்கீருக்குச் செய்தி அனுப்பினார். வெள்ளிக்கிழமை வரட்டுமா என்றும் கேட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு பக்கீர் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டான்.

வந்தார். ஒரு பந்து வாங்கி வந்திருந்தார் நிதாவுக்கு. முடியை ஒட்ட வெட்டியிருந்தார், கன்னம் இறங்கியிருந்தது. நிதா இறங்கி வந்து பந்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வாடா வெந்துகொண்டிருந்தது. தாஜ் நிஷாவுக்கு அன்றைக்குக் கை கையாகவே இல்லை. மாவை எப்படிப் பிசைந்தாள், எதைப் போட்டாள் என்றே நினைவில்லை.

"தம்பி" என்றார் கோச்சு. "எனக்கு ஒரு உதவி. என் ஊருக்குப் பக்கத்தில் சுரங்கக்காரர்களின் பள்ளிக்கூடம் ஒன்று. சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வாத்தியார் வேண்டுமாம். நடத்துவது வெளிநாட்டுக் கம்பெனி, ரெஸ்யூமே இங்கிலீஷில் கேட்கிறார்கள்."

பக்கீர் பாய்ந்து போய் லேப்டாப்பை எடுத்து வந்தான். "இப்பவே போட்டுரலாம் கோச். ஒரு புள்ளி தப்பில்லாம போட்டுரலாம்."

கோச்சு அவன் தோளில் கை வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். "நிதா அடிக்கட்டும்" என்றார்.

பக்கீர் லேப்டாப்பை மகளிடம் கொடுத்துவிட்டு, எங்கே நிற்பதென்று தெரியாமல் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் போய் நின்றான்.

கோச்சு சொல்லச் சொல்ல நிதா அடித்தாள். கிளப்புகளின் பெயர், வருஷம். முழங்கால் அறுவை சிகிச்சையைக்கூடப் போடச் சொன்னார், பிற்பாடு கேட்டால் மறைத்தேன் என்று ஆகக்கூடாது என்று. டெக்சாஸ் கிளப், இத்தனை பிள்ளைகள். நடுவில் ஒருமுறை நிதா, "கேன் ஐ புட் மை நேம்? லைக், ஐ வாஸ் யுவர் கீப்பர்?" என்று கேட்டாள். "நீ ஆடுவதை நிறுத்திவிட்டாயாமே. அப்படியென்றால் போட முடியாது" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

எல்லாம் முடிந்ததும் அவள் தானாகவே கடைசியில் ஒரு வரி அடித்தாள். அவர் கதை அவளுக்கு மனப்பாடம். திரையை அவர் பக்கம் திருப்பிப் படித்தும் காட்டினாள்: தேசிய அணிக்கு ஒருமுறை அழைப்பு, ஆடவில்லை.

கோச்சு குனிந்து, அந்த வரியின் கீழே விரலை ஓட்டிப் படித்தார்.

"அதை எடுத்துவிடு."

"பட் கோச், இட்ஸ் ட்ரூ!"

"உண்மைதான். எடுத்துவிடு."

"நீங்க கோட்டுல நின்னீங்க கோச்!" பக்கீர் ஃப்ரிட்ஜ் பக்கத்திலிருந்தே கதறினான். "போர்டுல நம்பர் தூக்கினாங்க! அது பொய்யில்ல கோச், அது இருக்கட்டும்!"

"இனி நான் அதைச் சொன்னால் சிரிப்பார்கள், தம்பி. முதலில் பதினொன்று என்றான், இப்போது உட்கார்ந்தேன் என்கிறான், நாளைக்கு என்ன சொல்வானோ என்பார்கள். போய் எடுத்துப் பார் என்று சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "அப்பா ஆடினான் என்றார். நான் உட்கார்ந்தேன் என்றேன். இரண்டும் வேண்டாம். முடிந்தது."

நிதா வாப்பாவைப் பார்த்தாள், உம்மாவைப் பார்த்தாள். அடுப்பங்கரை வாசலில் தட்டோடு நின்ற தாஜ் நிஷாவால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. பிள்ளை, அழிக்கும் பட்டனை அழுத்தினாள். எழுத்துகள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் போயின. ஆடவில்லை என்பது முதலில் போயிற்று. பிறகு மற்றதும் போயிற்று.

வெளியே அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டிக்கொண்டிருந்தான். தாஜ் நிஷா தட்டை மேஜையில் வைத்தாள். கோச்சு ஒரு வாடாவை எடுத்து முழுசாகத் தின்றார். இன்னொன்று எடுத்து அதையும் தின்றார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி ஈக்குது கோச்?"

"ரொம்ப நல்லா இருக்கு, சென்யோரா" என்றார். "எல்லாம் சரியாக இருக்கு."

அவர் போன பிறகு, பக்கீர் மஃரிபு தொழுகைக்குக் கைகால் கழுவப் போனான். நிதா பந்தோடு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாஜ் நிஷா தட்டில் மிச்சம் கிடந்த ஒன்றை எடுத்துக் கடித்தாள். உப்பே போடவில்லை.